அலுவலக விக்கியைக் கிளவுடுக்கு மாற்றியவர்கள் உண்டா?

மருதமலை:

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் விக்கி (பலரும் சேர்ந்து எழுதும் உள் ஆவணத் தளம்) அட்லாசியன் நிறுவனத்தின் கன்ஃப்ளூயன்ஸ் மென்பொருளின் சர்வர் பதிப்பில், அலுவலகத்திலேயே ஒரு பழைய இயந்திரத்தில் ஓடுகிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை அட்லாசியன் 2024 பிப்ரவரி 15 அன்றே நிறுத்திவிட்டது. "ஓடுகிறதே, ஏன் தொடுகிறீர்கள்?" என்று இத்தனை நாள் தள்ளிப்போட்ட மேலிடம், வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒரு கேள்வி கேட்டதும் உடனே கிளவுட் பதிப்புக்கு (அட்லாசியனே தன் சர்வர்களில் நடத்துவது) மாறும் திட்டம் எங்கே என்கிறது. அட்லாசியனின் வழிகாட்டிகளைப் படித்துவிட்டேன். அவற்றில் எல்லாமே சுமுகமாக நடந்து முடிகிறது. மாற்றி முடித்த திங்கட்கிழமை காலையில் உங்கள் இடத்தில் முதலில் யார் கத்தினார்கள், எதற்காகக் கத்தினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பெருங்குடி:

பக்கங்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆட்களைப் பாருங்கள். சர்வரில் பயனர் பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்கிறோம். கிளவுடில் மின்னஞ்சல் முகவரிதான் எல்லாம். எங்கள் பட்டியலைத் திறந்தால் மின்னஞ்சலே இல்லாத கணக்குகள், ஒரே பொது முகவரியில் பதிந்த ஷிப்ட் சூப்பர்வைசர்கள், வேலையை விட்டு எப்போதோ போய்விட்டவர்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. கிளவுடில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால், பட்டியலைச் சுத்தம் செய்ய மனிதவளப் பிரிவை உட்கார வைப்பது எளிதாக இருந்தது. பணம் என்றால் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிடுகிறது.

அதைவிட முக்கியம் குழுக்களின் பெயர். எங்கள் விற்பனைப் பிரிவு ஏற்கெனவே கிளவுடில் ஜிரா (அட்லாசியனின் பணிக் கண்காணிப்பு மென்பொருள்) பயன்படுத்திக்கொண்டிருந்தது. அங்கே 'ஃபைனான்ஸ்' என்று யாரோ ஒரு குழு அமைத்து, பில் தொகை வசூலிக்க அலைபவர்கள் அனைவரையும் அதில் சேர்த்திருந்தார்கள். எங்கள் பழைய சர்வரிலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு. ஆனால் அது கணக்குப் பிரிவுக்கு மட்டும் உரியது, சம்பள உயர்வுப் பக்கங்களைப் பார்க்கும் அனுமதியும் அதற்கே. மாற்றும் கருவி ஒரே பெயருள்ள குழுக்களை ஒன்றாக்கிவிடும். எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது, ஆனால் அந்தத் திரையில் எச்சரிக்கைகளுக்குக் குறைவே இல்லை. சோதனை ஓட்டத்தில் விற்பனைப் பயிற்சியாளர் ஒருவரின் கணக்கில் நுழைந்து பார்த்தோம். மேலாளர்களின் சம்பளம் வரிசையாக வந்து நின்றது. பிறகு சர்வரில் புதிய பெயர்களில் குழுக்கள் அமைத்து, அனுமதிகளை அவற்றுக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த ஓட்டம். சோதனையின்போது நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பார்த்து "எல்லாம் சரி" என்று சொல்பவரை நம்பாதீர்கள். இருப்பதிலேயே குறைந்த அனுமதி உள்ளவர் எதையெல்லாம் பார்க்க முடிகிறது என்பதுதான் சோதனை.

ஜூரோங்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. மேக்ரோ என்பது பக்கத்துக்குள் வைக்கும் துணுக்கு நிரல். நாமே எழுதிக்கொண்ட பயனர் மேக்ரோக்கள் கிளவுடுக்கு வராது. ஹெச்டிஎம்எல் மேக்ரோ அங்கே கிடையாது. வெளியாரின் செருகு நிரல்களில் சிலவற்றுக்குக் கிளவுடில் வேறு பதிப்பு இருக்கும், சிலவற்றுக்கு எதுவுமே இருக்காது. சர்வரின் தேடல் பெட்டியிலேயே மேக்ரோ பெயரைக் கொடுத்து, அது எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று எடுக்கலாம். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள்.

இன்னொன்று. இணைப்புக் கோப்புகளை மட்டும் தனியாக முன்கூட்டியே அனுப்ப முடியும். கனம் முழுவதும் அவற்றில்தான். அவை போய்ச் சேர்ந்துவிட்டால் கடைசி இரவு வேலை வெகுவாகக் குறையும். ஆனால் ஒரு ஸ்பேஸ் (விக்கியில் ஒன்றாகத் தொகுத்த பக்கங்கள்) அங்கே போன பிறகு, சர்வரில் செய்த திருத்தங்களை மட்டும் எடுத்து அதனுடன் சேர்க்க வழி இல்லை. கிளவுடில் இருப்பதை அழித்துவிட்டு மீண்டும் முழுதாக அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு நேரத்தில் சர்வரில் எழுதும் அனுமதியை நிறுத்தியே ஆக வேண்டும். "இது ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன்" என்று கேட்டு வருபவர் பெரும்பாலும் இயக்குநராகத்தான் இருப்பார்.

ஸ்ரீபெரும்புதூர்:

மருதமலை அவர்களே, உங்களுடையதும் தொழிற்சாலை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் இடத்தில் கத்தியது இயந்திரக் கூடம்.

ஒவ்வொரு இயந்திரத்தின் மீதும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். கைப்பேசியைக் காட்டினால் அந்த இயந்திரத்தின் பராமரிப்புப் பக்கம் விக்கியில் திறக்கும். மாற்றத்துக்குப் பிறகு சில ஸ்டிக்கர்களை எளிதாகச் சமாளித்தோம், பலவற்றில் முடியவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று தேடியபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. சர்வர் பதிப்பில் பக்கத் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தால், முகவரியில் ஸ்பேஸின் குறியீடும் தலைப்பும் அப்படியே வரும். தமிழில் இருந்தால் தலைப்புக்குப் பதிலாக வெறும் பக்க எண் வரும். இந்த எண்கள் கிளவுடில் புதிதாகத் தரப்படுகின்றன, பழையவை அங்கே செல்லாது. எங்கள் அலுவலகப் பிரிவுகள் தலைப்புகளை ஆங்கிலத்தில் வைத்திருந்தன. கூடத்தில் வேலை செய்பவர்கள் படிக்க வேண்டும் என்று பராமரிப்புப் பக்கங்களை மட்டும்தான் தமிழில் எழுதியிருந்தோம். பிடிவாதமாக நின்றவை அத்தனையும் அந்தப் பக்கங்களின் ஸ்டிக்கர்கள்.

விக்கிப் பக்கங்களுக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இணைப்புகளை மாற்றும் கருவி பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறது. மின்னஞ்சல், எக்செல், பிடிஎஃப், சுவரில் ஒட்டிய தாள் என்று வெளியே கிடப்பவற்றை அது எப்படித் தொடும்?

நாங்கள் செய்தது இதுதான். பழைய விக்கியின் டொமைன் பெயரைக் கைவிடாமல், அதை ஒரு சிறிய என்ஜின்எக்ஸ் (nginx என்னும் இணைய சர்வர் மென்பொருள்) சர்வரை நோக்கித் திருப்பினோம். அதில் ஓர் அட்டவணை: இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய முகவரி. வரும் கோரிக்கையை அப்படியே கிளவுடுக்கு அனுப்பிவிடும். கன்ஃப்ளூயன்ஸில் ஒரு ஸ்பேஸுக்குள் ஒரே தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருக்க முடியாது. ஆகவே ஸ்பேஸின் குறியீட்டையும் தலைப்பையும் இரு பக்கமும் ஒப்பிட்டே அட்டவணையைத் தயாரித்துவிட்டோம். பழைய எண்களைச் சர்வரின் தரவுதளத்திலிருந்து, அதை அணைக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர்:

கிளவுட் என்றாலே எல்லோரும் கும்பிடு போடுகிறீர்கள். 2022 ஏப்ரல் 5 அன்று நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு பழைய செயலியை நீக்க அட்லாசியன் ஊழியர்கள் இயக்கிய நிரலுக்கு, செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாகத் தளங்களின் அடையாள எண்கள் போய்ச் சேர்ந்தன. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அரை மணி நேரத்துக்குள் அழிந்தன. சிலருக்கு அவை திரும்பி வர 14 நாட்கள் வரை ஆனது. அப்படி ஒரு நிலையில் பராமரிப்புப் பக்கம் இல்லாமல் உங்கள் கூடம் எத்தனை நாள் ஓடும்?

பெருங்குடி:

அம்பத்தூர் சொல்வது உண்மை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டு, 2022 ஜூன், 2023 அக்டோபர், 2024 ஜனவரி என்று நான்கு முறை, சொந்தமாக நடத்தும் கன்ஃப்ளூயன்ஸில் வெளியிலிருந்து எவரும் நுழையும் அளவுக்குக் கடுமையான ஓட்டைகள் வெளிவந்தன. ஆதரவு முடிந்த சர்வர் பதிப்புக்கு இனி அடைப்பே வராது. சொந்தமாகவே நடத்தக்கூடிய இன்னொரு பதிப்பான டேட்டா சென்டருக்குப் போய்ச் சில ஆண்டு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், 2029 மார்ச் 28 உடன் அதுவும் முடிகிறது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு முறை இடம்பெயரும் செலவு யாருக்கு வேண்டும்?

எங்கள் ஏற்பாடு: கிளவுடில் இருக்கும் முக்கியமான ஸ்பேஸ்களை வாரந்தோறும் ஏற்றுமதி செய்து எங்கள் கையிலேயே வைத்திருக்கிறோம்.

மருதமலை:

அனைவருக்கும் நன்றி. எங்கள் அசெம்பிளி பிரிவின் பக்கங்கள் முழுவதும் தமிழ்த் தலைப்புகள்தான், ஸ்டிக்கர்களும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அவர்களுக்கு ஒரு கேள்வி. கிளவுடுக்குப் போன பிறகு யாராவது பக்கத்தின் தலைப்பை மாற்றினால் அந்த அட்டவணை உடையாதா?

ஸ்ரீபெரும்புதூர்:

உடையாது. தலைப்பு, ஒப்பிடுவதற்கு மட்டும்தான். அட்டவணையில் இருப்பது கிளவுடின் புதிய பக்க எண், தலைப்பை மாற்றினாலும் அது மாறாது. பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால்தான் சிக்கல். பராமரிப்பு ஸ்பேஸில் அழிக்கும் அனுமதியை இரண்டே பேருக்குக் கொடுத்திருக்கிறோம். புதிய ஸ்டிக்கர்களில் கிளவுட் முகவரியை அச்சிடாமல் எங்கள் சொந்த டொமைனையே அச்சிடுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்த முறை எங்கே போனாலும் ஸ்டிக்கரைச் சுரண்ட வேண்டியிருக்காது.