புதுப்பிப்பு: பனிக்காலக் காலையில் இரண்டு குன்றுகள்

விடியும் முன்பே ஏற ஆரம்பிக்கலாமா, உச்சியில் குளிர் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேனே, போய்விட்டு வந்தாயிற்று.

குளிர் உச்சியில் இல்லை, அடிவாரத்தில்தான்! இரவில் தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கு, காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பிறகு தாழ்வான இடங்களில் தலைகீழாகிவிடும். முதல் குன்றில் பாதி ஏறியதுமே விரல்கள் மரத்துப்போயிருந்தது சரியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இறங்கினால் மறுபடி முகத்தில் சில்லென்று அறைகிறது. புல் நுனியெல்லாம் பனித்துளி, கால்சட்டை முழங்கால் வரை ஈரம்.

பருத்திச் சட்டை வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி. அது வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றால் முதுகு வெடவெடக்கும். ஸ்வெட்டரை ஏறும்போது கழற்றி, உச்சிக்குப் போனதும் மாட்டிக்கொண்டேன்.

படுத்தியது இரண்டாவது குன்றின் இறக்கம்தான். ஈரப் பாறை, அதன்மேல் பாசி. கைத்தடி யோசனை சொன்னவர் வாழ்க! வெயில் ஏறிப் பாறை காயும்வரை மேலேயே உட்கார்ந்துவிட்டோம்; சோம்பேறித்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.