வழக்காடு மன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படாத தரப்பு: உங்கள் அனுபவம்?

மதுரைக்காரன்:
எங்கள் ஊர்த் திருவிழாவில், இலக்கியப் பாத்திரங்கள் மேல் மேடையில் வழக்கு நடத்தி வாதாடும் வழக்காடு மன்றத்தில் நடந்தது. 'ஊரை எரித்த கண்ணகி குற்றவாளி' என்று வழக்கு. நடுவர் குற்றவாளியே என்றார். பிழை செய்த பாண்டியன் அவையிலேயே உயிரை விட்டுவிட்டான், அப்புறம் ஊர் என்ன பாவம் செய்தது என்பது அவர் கேள்வி. முன்வரிசையில் ஒரு பாட்டி, மடியில் கிடந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஏய்யா, ராசாவே தப்பு தன்மேலன்னு விழுந்து செத்தான். அவ மேல தீர்ப்பெழுத நீ யாரு?" அவர் பின்னாலேயே பத்துப் பதினைந்து பெண்கள் போய்விட்டார்கள். வழக்கை மறுத்துப் பேசியவர், தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்று தொடக்கத்தில் மைக்கில் சொன்னவர்தான், சால்வையை வாங்காமல் இறங்கினார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நெல்லைத்தமிழ்:
எங்கள் கல்லூரியில் வாலி வதை. மறைந்து நின்று அம்பெய்தது பிழையே என்று தீர்ப்பு. சுக்ரீவனைப் போல வாலியும் சரணடைந்துவிட்டால் என்ன செய்வது என்று கம்பனில் இலக்குவன் சொல்லும் காரணத்தை ராமன் தரப்பு நன்றாகவே எடுத்து வைத்தது, எடுபடவில்லை. மறுநாள் விடுதி அறிவிப்புப் பலகையில் 'மேல்முறையீடு' என்று கையால் எழுதிய தாள், கீழே பதினொரு கையெழுத்து. அடிபட்ட வாலியே கடைசியில் ராமனை ஏற்று அங்கதனை அவன் கையில் ஒப்படைத்தான், நீங்கள் ஏற்க மாட்டீர்களா என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய நடுவர்:
மதுரைக்காரரே, அந்தத் தீர்ப்பே தவறு. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்றுதான் தீக்கடவுளை ஏவுகிறாள் கண்ணகி. சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலைப் பகுதியில் இருக்கிறது. 'ஊர் என்ன செய்தது' என்று கேட்பவர் அதைப் படித்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை தீர்ப்புச் சொல்லி முடிக்கும் முன் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் சொல்கிறேன்: நடுவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். தீர்ப்பு பாத்திரத்துக்கா, அன்று வைத்த வாதத்துக்கா என்பதை முதலிலேயே அறிவியுங்கள். வாதத்துக்குத்தான் என்றால் தோற்ற தரப்பு தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கைகுலுக்கினால் போதும். தீர்ப்பில் மூலப்பாட்டின் அடி ஒன்றாவது இருக்கட்டும்.

மதுரைக்காரன்:
சரிங்க ஐயா. ஆனால் பாட்டிக்கு அது வாதமே இல்லை. மறுவருடமும் அதே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தரப்பையும் முழுசாகக் கேட்டார். நடுவர் எழுந்ததும் தானும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.