காரணி தெரியாமலே சேர்த்தி எண் என்று எப்படிச் சொல்வது?

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கிற அக்கா மகள் கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கணிதம் தெரிந்த சேர்மார், டீச்சர்மார் கை கொடுங்கள்.

2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4,294,967,297. இதை 641 வகுக்கும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். நாங்களும் கொப்பியில் வகுத்துப் பார்த்தோம். 6,700,417 வந்தது, மீதி இல்லை. ஆகவே அது சேர்த்தி எண், அதாவது தன்னைவிடச் சிறிய எண்களின் பெருக்கமாக எழுதக்கூடியது. (தேத்தண்ணிதான் ஆறிப்போனது.)

சிக்கல் 2இன் 1,048,576ஆம் அடுக்கில். 1 கூட்டினால் 315,653 இலக்கம். சேர்த்தி எண்தானாம், ஆனால் ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை!

இப்படியான எண் முதன்மை எண்ணா என்று பார்க்கிற பெபின் சோதனையை 17க்கு (2இன் 4ஆம் அடுக்கோடு 1) செய்தோம்: 3இன் 8ஆம் அடுக்கு 6,561, 17ஆல் வகுத்தால் மீதி 16, அதாவது −1. சரி, முதன்மை எண். ஆனால் −1 வராவிட்டால் சேர்த்தி எண் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்வீர்களா? முதலில் எனக்கு விளங்கவேண்டும்.