கிப் ரிவர் சாலைப் பயணம்: புதுப்பிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து குறுகிய விடுப்பில் புறப்பட்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும்பாலும் தார் போடாத கிப் ரிவர் சாலையை முழுமையாகக் கடக்க இயலுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கடக்கலாம், ஆனால் எதையும் நின்று பார்க்க முடியாது என்று பலர் கூறியதை ஏற்றுத் திட்டத்தைச் சுருக்கிவிட்டோம். ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் அச்சாலையில் ஓட்டுவதிலேயே விடுப்பைக் கழிப்பதைவிட, புரூம் நகரில் வாடகை வண்டியை எடுத்து, விஞ்ஜானா, பெல் பள்ளத்தாக்குகளுக்கு அருகே தங்கி, மவுண்ட் பார்னெட்டில் எரிபொருள் நிரப்பி, மேனிங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவதென முடிவு செய்துள்ளோம். சாலையின் கிழக்குக் கோடியில் உள்ள பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும் ஆசையை என் மைத்துனர் மட்டும் இன்னும் விடவில்லை.

மழைக்காலத்தில் சாலை மூடப்படுவதால், தீபாவளி விடுப்போடு இணைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தின் நடுப்பகுதியையே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடங்களில் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கும் அங்குள்ள அலையலையான சரளைப் பாதை வேறு வகையானது. டயரின் காற்றழுத்தத்தையும் வேகத்தையும் குறைத்தே ஓட்ட வேண்டும். தார் போடாத சாலையில் செல்லும் அனுமதி வாடகை ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமாக இருக்கிறதா என்பதையும், கூடுதல் மாற்று டயர் கிடைக்குமா என்பதையும் உறுதி செய்த பிறகே முன்பணம் கட்டுவோம்.