‘அனுப்பிவிட்டார்கள்’: ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லை எழுதுவது?

கேள்வி (காரைக்குடி)

எங்கள் ஐயா 1930களில் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவி ஆளாக)ச் சேர்ந்து, பின்னர் மேலாளாக (கடைப் பொறுப்பாளராக) உயர்ந்தவர். அவர் விட்டுச்சென்ற கணக்கேடுகளையும் கடிதங்களையும் கொண்டு, தமிழ் படிக்கத் தெரியாமல் வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு சிறு குடும்ப வரலாறு எழுதி வருகிறேன். ‘அனுப்பிவிட்டார்கள்’ என்று ஐயா எழுதும் ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதால் தடுமாறுகிறேன். மூன்றாண்டுக் கணக்கு (பணித் தவணை) முடிந்ததும் முதலாளி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். கையாடல் செய்த பெட்டியடிப் பையனை (கடையின் எடுபிடிப் பையனை)த் தவணையின் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள். அத்தைக்கு வந்த ஒரு வரனை வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1964இல் பர்மாவிலிருந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இவற்றுக்கு முறையே ரிலீவ், டிஸ்மிஸ், ரிஜெக்ட், டிபோர்ட் என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, தேவகோட்டை)

டிஸ்மிஸ் அப்படியே இருக்கட்டும். குற்றம் கண்டு நிறுத்துவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பேச்சு ஆங்கிலத்தில் ஃபயர், சாக் என்பார்கள்; குடும்ப வரலாற்றின் நடைக்கு அவை ஒத்துவரா.

மாற்ற வேண்டியது ரிலீவ். நம் அலுவலகங்களில் ‘ரிலீவ் ஆகிவிட்டேன்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் ‘ஹி வாஸ் ரிலீவ்ட்’ என்ற வாக்கியத்தை மெல்போர்னில் படிக்கும் பேத்தி, ஐயா நிம்மதிப் பெருமூச்சு விட்டார் என்றுதான் புரிந்துகொள்வாள். அதைத் திருத்துவதற்காக ‘ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்’ என்று நீட்டினால் இன்னும் மோசம். பதவியைப் பறித்ததை நாகரிகமாகச் சொல்லும் தொடர் அது. தவணை முடிந்து ஊர் திரும்பியவருக்கு வெளியேற்றும் வினை எதுவுமே வேண்டாம். ‘கம்ப்ளீட்டட் ஹிஸ் த்ரீ-இயர் டெர்ம் அண்ட் கேம் ஹோம்’ என்று ஐயாவையே எழுவாயாக வைத்து எழுதிவிடுங்கள்.

வரன் விஷயத்தில் ரிஜெக்ட் சற்றுக் கடுமை. தரப் பரிசோதனையில் கழித்துப் போட்ட பொருளின் வாடை அதில் அடிக்கிறது. மறுத்தவர்கள் மரியாதையாக மறுத்திருந்தால் டிக்ளைன் என்றும், சாதாரணமாகச் சொல்ல டர்ன் டவுன் என்றும் எழுதலாம். டர்ன் அவே வேறு. அது வாசலோடு திருப்பி அனுப்புவது. ஒன்று கேட்க வேண்டும்: இரு வீட்டாரும் ஒரே நகரக் கோவிலை (நகரத்தார் குலப்பிரிவுக் கோவிலை)ச் சேர்ந்த பங்காளிகள் என்று தெரிந்து பேச்சு நின்றதா? அப்படியானால் யாரும் யாரையும் மறுக்கவில்லை; முறை இடம் கொடுக்கவில்லை. அதற்கு ‘ரூல்ட் அவுட்’ என்ற தொடரே சரி.

மறுமொழி 2 (வழக்கறிஞர், சிவகங்கை)

ஆசிரியை அம்மா சொன்னதோடு சட்டத்தின் பக்கம் ஒன்றைச் சேர்க்கிறேன். டிஸ்மிஸ், ரிமூவ் இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. டிஸ்மிஸ் ஆனவர் பொதுவாக மீண்டும் அரசுப் பணிக்கு வர முடியாது, ரிமூவ் ஆனவருக்கு அந்தத் தடை இல்லை. லே-ஆஃப் என்பதும் அப்படித்தான்: அமெரிக்கச் செய்திகளில் அது பெரும்பாலும் வேலையே போய்விட்டதைக் குறிக்க, நம் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் அது தற்காலிகமாக வேலை கொடுக்க இயலாத நிலையை மட்டுமே குறித்தது, நிரந்தர ஆட்குறைப்புக்கு ரிட்ரென்ச்மென்ட் என்ற தனிச்சொல் இருந்தது. பெட்டியடிப் பையனுக்கு இவ்வளவும் தேவையில்லைதான்.

டிபோர்ட் என்பதில்தான் எனக்கு ஐயம். நாட்டில் தங்க உரிமையில்லாத வெளிநாட்டவர் என்று முடிவு செய்து, ஆளைக் குறித்து உத்தரவு பிறப்பித்து நாடு கடத்துவது அது. உங்கள் ஐயாவின் பெயருக்கு அத்தகைய உத்தரவு வந்ததா என்று காகிதங்களில் பாருங்கள். ஒரு கூட்டத்தையே போகச் சொன்னால் எக்ஸ்பெல். 1972இல் உகாண்டாவிலிருந்த ஆசியர்களை 90 நாளில் வெளியேறும்படி அந்நாட்டு அதிபர் இடி அமீன் ஆணையிட்டது அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

மறுமொழி 3 (பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம், பள்ளத்தூர்)

வழக்கறிஞர் அண்ணன் சொல்லும் எக்ஸ்பெல் உகாண்டாவுக்குச் சரி. பர்மாவுக்கு அப்படியே பொருந்தாது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1963இல் வங்கிகளை அரசுடைமையாக்கினார்கள், 1964இல் கடைகளை எடுத்துக்கொண்டார்கள், அதே ஆண்டில் 50, 100 கியாட் (பர்மிய நாணயம்) தாள்கள் செல்லாது என்றார்கள். தொழிலும் கைமுதலும் போனபின் கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையை உண்டாக்கினார்கள். இதற்கு ‘ஃபோர்ஸ்ட் அவுட்’ அல்லது ‘ட்ரிவன் அவுட்’ என்பதே நேர்மையான சொல் என்பது என் கருத்து.

அரசு ஆவணங்களில் எங்களுக்கு ரிப்பேட்ரியேட் என்றுதான் பெயர், தமிழில் ‘தாயகம் திரும்பியோர்’. 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியின் பெயரிலேயே அந்தச் சொல்லின் தலைப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும்போது யாரோ பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டது போலத் தோன்றும். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் இதே சொல்தான். அவர்களில் பலர் அங்கேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். ஆகவே ஆவணத்தை எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும் ரிப்பேட்ரியேட் என்று எழுதுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் வேண்டாம்.

கேட்டவர் (காரைக்குடி)

எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் உள்ள காகிதங்களில் ஐயாவின் பெயருக்கு உத்தரவு எதுவும் இல்லை. எனவே ‘ஃபோர்ஸ்ட் அவுட்’ என்று மாற்றிவிட்டேன். வரனைப் பொறுத்தவரை கோவில் வேறுதான். அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. ‘டர்ன்ட் டவுன்’ என்று எழுதிக்கொள்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: 1942இல் ஜப்பானியர் வந்தபோது ஐயா பர்மாவின் மேற்குக் கரைப் பகுதியான அரக்கான் வழியாக நடந்தே வந்தார். அதற்கு எவாகுவேட் என்று எழுதலாமா?

மறுமொழி (ஆசிரியை, தேவகோட்டை)

அரசோ படையோ ஏற்பாடு செய்து அழைத்து வந்திருந்தால் ‘வாஸ் எவாகுவேட்டட்’ சரி. தாமாகவே உயிர் தப்பி நடந்து வந்தவருக்கு ‘ஃப்ளெட்’ என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் ‘வாக்ட்’ என்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃப்ளீ என்பதன் இறந்தகாலம் ஃப்ளெட். அதை ஃப்ளூ என்று எழுதிவிட்டால் விமானத்தில் வந்தார் என்று ஆகிவிடும்.