சைக்கிள் கேசட் கழற்ற உறுதியான செயின் விப்: வாங்குவதா, செய்வதா?

நண்பர்களுக்கு வணக்கம். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள, ஒன்பது பல்சக்கரங்கள் கொண்ட கேசட்டைக் கழற்ற முயன்றபோது, என்னிடமிருந்த செயின் விப்பின் (கேசட் சுழலாமல் பிடித்துக்கொள்ளும், செயின் துண்டு பொருத்திய கைக்கருவி) மெல்லிய கைப்பிடி வளைந்து, செயினைப் பிடித்திருந்த ரிவெட்டும் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. கேசட்டை இடத்தில் நிறுத்தும் திருகு வளையமான லாக்ரிங்கைப் பொதுவாக 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குகிறார்கள். துருவும் அழுக்கும் சேர்ந்துவிட்டால் அதைத் தளர்த்த இன்னும் கூடுதலான விசை வேண்டும் என்பதால், இம்முறை நெடுநாள் உழைக்கும் கருவியையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்பும் 40 செ.மீ. நீளமும் உள்ள எஃகுப் பட்டையில் துளையிட்டு, பழைய செயினின் நீண்ட துண்டை அதன் ஒரு முனையில் மட்டும் பட்டையோடு இணைத்து, பற்களில் மாட்டிக்கொள்ளும் சிறு துண்டை அதன் இரு முனைகளிலும் பொருத்தலாம் என எண்ணியுள்ளேன். என் ஐயமெல்லாம் அந்த இணைப்பைப் பற்றியதுதான். ஒன்பது வேகச் செயின் குறுகலானது. அதன் வெளித்தகடுகளுக்கு இடையே நுழையுமாறு பட்டையின் நுனியை அராவினால், அதிக விசை விழும் அந்த இடமே பலவீனமாகிவிடாதா? சற்று அகலமான எட்டு வேகச் செயினைப் பயன்படுத்தினால் அது பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசுமா?

செயினே இல்லாமல், இடுக்கிபோல் சிறிய பல்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. இறுகிப்போன லாக்ரிங்கில் அவை வழுக்காமல் நின்றனவா என்பதைப் பயன்படுத்தியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நீங்களே செய்த கருவியின் அளவுகளும் படங்களும் இருந்தால் அன்புடன் பகிருங்கள்.