அலாஸ்கா கப்பல் பயணம்: சியாட்டிலில் ஏறுவதா, வான்கூவரில் ஏறுவதா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சியாட்டிலை அடுத்த பாத்தெலில் வசிக்கிறோம். வரும் கோடையில் என் பெற்றோர் கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்து தங்கவிருக்கிறார்கள். அவர்களையும், பதினொன்றும் ஆறும் வயதான எங்கள் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஏழு இரவு அலாஸ்கா பயணம் போக எண்ணி, கடைசியில் இரண்டு கப்பல்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறோம்.

முதலாவது, ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஓவேஷன் ஆஃப் தி சீஸ். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கலாம். வழியில் ஜூனோ, ஸ்காக்வே, எண்டிகாட் ஆர்ம் என்னும் கடற்கழியில் உள்ள டாஸ் பனியாறு, திரும்பும்போது ஒரு மாலை நேரம் கனடாவின் விக்டோரியா. இரண்டாவது, ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் கோனிங்ஸ்டாம். இது வான்கூவரில் கிளம்பி ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் என்று சுற்றி மீண்டும் வான்கூவருக்கே வருகிறது. வான்கூவர் வரை செல்லும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், கட்டணத்தை இங்கே விட்டுவிடலாம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. நீண்ட தூரம் நடக்க இயலாது. அம்மாவுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறினாலே குமட்டும். முட்டைகூடச் சேர்க்காத சைவம். பிள்ளைகள் ஓவேஷனின் படங்களைப் பார்த்துவிட்டு வேறு எதையும் கேட்க மறுக்கிறார்கள். நான் எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது, ஆனால் அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவு செல்லும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால் கனடா விசா தேவைப்படாது என்று ஒருவர் சொன்னார். அது சரியா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வடகடலோடி எழுதியது:

நண்பரே, தங்கள் அம்மாவுக்குக் குமட்டல் வரும் என்றீர்கள் அல்லவா, முதலில் அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த இரண்டு பயணங்களின் உண்மையான வேறுபாடு கப்பலில் இருப்பதைவிட, அது போகும் நீர்வழியில்தான் இருக்கிறது. சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, அதாவது தீவின் மறைப்பு ஏதுமில்லாத திறந்த பசிபிக் பெருங்கடலில் வடக்கு நோக்கிப் போகின்றன. வான்கூவரிலிருந்து செல்பவையோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள குறுகிய நீரிணைகள் வழியாகச் செல்கின்றன. குவீன் சார்லட் சவுண்ட் போன்ற திறந்த பகுதிகளைக் கடக்கும் சில மணி நேரம் தவிர, அந்தப் பாதையில் அலை அவ்வளவாகத் தெரிவதில்லை. கோடையில் பசிபிக்கும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும் என்பது உண்மைதான் என்றாலும், மலைப்பாதையே ஒத்துக்கொள்ளாத ஒருவரை அழைத்துச் செல்லும்போது இதை நான் அற்பமாக நினைக்க மாட்டேன்.

அந்த உள்வழியில் சீமோர் நேரோஸ் என்று ஓர் இடுக்கு இருக்கிறது. நீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகம் வரை பாயக்கூடிய இடம் அது. நீருக்கடியில் இருந்த ரிப்பிள் ராக் என்னும் பாறை பல கப்பல்களை விழுங்கியதால், 1958 ஏப்ரலில் அதைச் சுரங்கம் தோண்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றும் பெரிய கப்பல்கள் நீரோட்டம் தணியும் நேரம் பார்த்தே அதைக் கடக்கின்றன. நள்ளிரவாக இல்லாவிட்டால் மேல்தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

விக்டோரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. ஓவேஷன் பஹாமாஸில் பதிவான கப்பல். எனவே சியாட்டிலுக்குத் திரும்பும் முன் ஏதேனும் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். விக்டோரியா அழகான ஊர்தான், ஆனால் அந்த மாலை நேரத்தில் நகரிலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புச்சார்ட் தோட்டத்துக்குப் போய்வருவது ஓட்டமும் நடையுமாகத்தான் முடியும். அதை ஒரு முழுத் துறைமுகமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பனிமலைப்பிரியை எழுதியது:

நான் கோனிங்ஸ்டாம் பக்கம்தான், அதற்குக் காரணம் கிளேசியர் பே.

அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. கப்பல் உள்ளே நுழைந்ததும் பூங்காக் காவலர்கள் படகில் வந்து ஏறிக்கொண்டு, நாள் முழுவதும் ஒலிபெருக்கியிலும் நேரிலும் விளக்கம் சொல்கிறார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஹூனா டிலிங்கிட் மக்களின் சார்பிலும் ஒருவர் உடன் வந்து பேசுவது வழக்கம். 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் அவ்வழியே சென்றபோது இன்று விரிகுடாவாக இருக்கும் இடம் ஏறக்குறைய முழுவதும் பனியால் மூடிக்கிடந்தது. 1916க்குள் அந்தப் பனி 60 மைலுக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. எனவே நுழைவாயிலிலிருந்து உள்ளே போகப் போக, காடு குறைந்து புதராகி, புதரும் குறைந்து வெறும் பாறையாகி, கடைசியில் மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நிற்கும்போது, பனி விலகிய வரிசையிலேயே அந்த நிலத்தின் வரலாற்றைப் பார்த்துவிட்டிருப்பீர்கள். மார்ஜரியின் முகப்பு சுமார் ஒரு மைல் அகலம். நீருக்கு மேல் தெரியும் உயரம் 250 அடி. கப்பல் அங்கே நின்று மெதுவாகத் திரும்பிக் காட்டுவதால், எந்தப் பக்கத்து அறையில் இருந்தாலும் இழப்பில்லை. தங்கள் அப்பா நாற்காலியை விட்டு எழாமலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

எண்டிகாட் ஆர்மும் அருமையான இடம்தான். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் அந்தப் பாதை கிளேசியர் பேயைவிட நெருக்கமானது, சிலருக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டால் பெரிய கப்பல்கள் பனியாற்றின் முகப்பு சரியாகத் தெரிவதற்கு முன்பே திரும்பிவிட நேரும். அருகே போக வேண்டுமானால் தனியே பணம் கட்டிச் சிறு படகில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை ஆடும் படகில் ஏற்றுவது எளிதன்று.

பிள்ளைகளைச் சமாதானப்படுத்த ஒரு வழி: பூங்காவில் சிறுவர்களுக்கென இளநிலைக் காவலர் திட்டம் உண்டு, சிறு புத்தகத்தில் உள்ள பயிற்சிகளை முடித்தால் காவலரே சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை ஒன்றைத் தருவார்.

கெட்சிகனில் மட்டும் குடை மறக்கக் கூடாது. ஆண்டுக்குச் சுமார் 150 அங்குல மழை, அதாவது சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இரண்டு பிள்ளைக்காரன் எழுதியது:

மேலே எழுதியவர்கள் சொன்னதில் தவறு ஏதுமில்லை. ஆனாலும் ஒன்றை மறந்துவிடுகிறோம்: ஏழு நாளில் பனியாற்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு நாள்தான். மற்ற நாட்களில், குறிப்பாக மழை பெய்து எல்லோரும் உள்ளே அடைந்துகிடக்கும் கடல் நாட்களில், ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? இரண்டு கப்பல்களும் 2016இல்தான் சேவைக்கு வந்தன என்றாலும், ஓவேஷன் 1,68,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது, கோனிங்ஸ்டாம் ஒரு லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஓவேஷனில் உள்ளரங்க மோதுகார்கள், கீழிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவிடும் கூண்டு, கூரையுள்ள நீச்சல்குளம், கடல்மட்டத்துக்கு மேல் 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூடு என்று பலவும் இருக்கின்றன. காற்று பலமாக இருந்தால் அந்தக் கூட்டை இயக்க மாட்டார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. கோனிங்ஸ்டாமிலும் சிறுவர் மன்றம் உண்டு, குளத்துக்கு மூடித் திறக்கும் கூரையும் உண்டு. ஆனால் அதன் மாலைப் பொழுதுகள் இசையும் உரையாடலுமாகப் பெரியவர்களுக்கென அமைந்தவை. கூட்டம் குறைவு என்பது தங்கள் பெற்றோருக்கு நன்மையாகவே அமையலாம், பிள்ளைகளுக்கு அப்படியில்லை.

ஜூனோவும் ஸ்காக்வேயும் இரண்டிலும் பொது என்பதையும் கவனியுங்கள். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பேருந்திலேயே போகலாம். அதைப் பார்க்கும் முனைக்குச் செல்லும் பாதை சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் மலை ரயிலைத் தவறவிடாதீர்கள். தங்க வேட்டைக் காலத்தில் 1898இல் தொடங்கி 1900இல் முடித்த, தண்டவாள அகலம் குறைந்த பாதை. சுமார் 20 மைலில் 3,000 அடி அளவுக்கு ஏறுகிறது, இருக்கையை விட்டு எழவே வேண்டியதில்லை. நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயிலும் 1899இல்தான் ஓடத் தொடங்கியது என்று தங்கள் அப்பாவிடம் சொன்னால் பேச்சுக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

எல்லைக்கோடு எழுதியது:

விசா பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் தங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விக்டோரியாவில் கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் கனடா விசா வைத்திருக்க வேண்டும்; இல்லையெனில் சியாட்டிலிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த விசா தேவையில்லை. ஆகவே கனடா விசா என்பது இரண்டு பயணங்களுக்கும் பொதுவான செலவு. பெற்றோர் இந்தியாவிலிருந்து கிளம்பும் முன் சென்னையிலேயே விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்துவிடுவது நல்லது.

வேறுபாடு இருப்பது தங்களிடம்தான். முத்திரை காலாவதியாகியிருந்தாலும், செல்லத்தக்க ஐ-94 உடன் கனடாவில் 30 நாட்களுக்கு மேற்படாமல் தங்கி, அங்கே புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்காமல் திரும்புவோரை அனுமதிக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு விதி ஒன்று உண்டு. சியாட்டில் பயணத்தில் அந்த விதியை நம்பி அமெரிக்காவுக்குள் ஒரு முறைதான் நுழைவீர்கள். வான்கூவர் பயணத்திலோ இரண்டு முறை: கப்பலில் ஏறும் முன் கனடா பிளேஸ் துறையிலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதனை செய்வார்கள், அது ஒன்று; திரும்பி வந்து காரில் எல்லையைக் கடப்பது இன்னொன்று. ஐ-94, எச்-1பி ஒப்புதல் அறிவிப்பான ஐ-797 இரண்டின் அச்சுப் படிகளும், அந்த விதியின் படியும் கையில் இருக்கட்டும். ஐ-94ஐ எங்கும் ஒப்படைத்துவிட வேண்டாம். முன்பதிவுப் பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய தேதிக்குள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவின் குமட்டலையும் கிளேசியர் பேயையும் எண்ணிப் பார்க்கையில் மனம் வான்கூவர் பக்கமே சாய்கிறது. வழக்கறிஞர் தடை சொல்லாவிட்டால் ஜூன் மாதத்துக்குக் கோனிங்ஸ்டாமில் பதிவு செய்யலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளிடம் பேசும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டுள்ளார். எந்தத் தளத்தில் அறை எடுப்பது, அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

வடகடலோடி எழுதியது:

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்துக்கு எவ்வளவு அருகில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. அங்கேதான் அசைவு குறைவு. மின்தூக்கிக்குப் பக்கமாக இருந்தால் தங்கள் அப்பாவுக்கும் நடை மிச்சம். இரவு தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், நடன அரங்குக்கோ சமையற்கூடத்துக்கோ நேர் மேலே உள்ள அறைகளைத் தளவரைபடம் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, முட்டையும் சேர்க்காத இந்திய சைவம் வேண்டும் என்று பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஏறிய முதல் நாள் உணவகத் தலைமைப் பணியாளரைப் பார்த்து மீண்டும் ஒரு முறை சொன்னால், மறுநாள் உணவை முந்தைய இரவே கேட்டுவைத்துச் செய்து கொடுப்பார்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத ஊறுகாய், பருப்புப்பொடி பொட்டலங்களை எடுத்துச் செல்லலாம், ஆனால் எல்லைச் சோதனையில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரைஸ் குக்கர், கெட்டில் போன்ற சூடேறும் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஏறும்போதே எடுத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள்.